அமைதி காக்கா

லிஃப்டில் வைத்து லட்டு கொடுத்தால் மறுக்க முடியாது. கதவு மூடிவிடும், ஓடவும் இடம் கிடையாது. நேற்று எங்கள் ஆழ்வார்பேட்டை அடுக்குமாடியின் சங்கச் செயலாளர் அப்படித்தான் என்னை மடக்கினார். நல்ல மனிதர். தண்ணீர் லாரி வராவிட்டால் போனில் சத்தம் போட்டு வரவழைப்பவர். "எடுத்துக்கோங்க மேடம். எல்லையில நம்ம பசங்க புகுந்து அடிச்சுட்டாங்க" என்றார். கூடவே எனக்குப் பாடம் வேறு நடத்தினார். "ஒரு போர் வந்தாத்தான் மேடம் அமைதி வரும். அடிக்காம எவன் அடங்குவான்?"

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அவருடைய பையன்கள் இரண்டு பேரும் வெளிநாட்டில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருக்கிறார்கள். நன்றாக இருக்கட்டும். தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தான் தெரியும் என்று சும்மாவா சொன்னார்கள்? ஆனால் வாயில் ஒரு வார்த்தை வரவில்லை. கோபம் வந்தால் எனக்கு முதலில் தமிழ் போய்விடும், அப்புறம் கண்ணில் தண்ணீர் வந்துவிடும். காலமெல்லாம் பள்ளிக்கூடத்தில் தமிழ் நடத்தியவளின் லட்சணம் இது. லட்டைக் கையில் பிடித்தபடியே வாசலுக்கு வந்து ஆட்டோ ஏறினேன்.

போனது சாந்தோம் பக்கம் ஒரு சந்துக்குள் இருக்கும் பழைய மாதா கோயிலுக்கு. பெயரைச் சொல்ல மாட்டேன். சொன்னால் நாளைக்கே நீங்கள் செல்ஃபி எடுக்கக் கிளம்பிவிடுவீர்கள். கப்பலில் வந்தவர்கள் கட்டியது, எனக்கு ஞானஸ்நானம் கொடுத்த இடம். முட்டை வெள்ளைக்கரு கலந்து தேய்த்த சுண்ணாம்புச் சுவர், மே மாதத்திலும் கை வைத்தால் சில்லென்று இருக்கும். வெயில் நீலக் கண்ணாடி வழியாக இறங்கித் தரையில் விழும்போது, சின்ன வயதில் நானும் அண்ணனும் அதில் காலை வைத்துக்கொண்டு, "கடல்ல நிக்கிறேன் பாரு" என்போம். பீடத்துக்குப் பக்கத்தில் சலவைக்கல்லில் ஒரு சம்மனசு, அதாவது தேவதூதன், வாளின்மேல் தலை சாய்த்து அழும். அதன் இறகை ஒவ்வொன்றாக எண்ணலாம், அவ்வளவு நேர்த்தி. ஏதோ சண்டையில் செத்துப்போன வெள்ளைக்காரப் பையனுக்காக வைத்தது என்பது எனக்கு இங்கிலீஷ் வாசிக்க வந்த பிறகுதான் தெரிந்தது. மீசை முளைத்திருக்குமோ என்னவோ, அந்த வயது. சுற்றிப் பார்த்தால் சுவரில் பதித்த கல்லெல்லாம் அப்படித்தான். நான் வாய் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தது செத்த பிள்ளைகளின் வரிசையை. இப்போதும் அழகாகத்தான் இருக்கிறது, அதுதான் எனக்கு ஆத்திரம். பிள்ளையைச் சாகக் கொடுத்துவிட்டுச் சம்மனசு செதுக்கி வைத்தால் சரியாகிவிடுமா?

அந்த நாளில் வாசல் தூணில் ஒரு மரப்பலகை தொங்கும். கறுப்பில் வெள்ளை எழுத்து: அமைதி காக்கவும். கடலோர உப்புக் காற்றில் கடைசி எழுத்துகள் உதிர்ந்துபோய், 'அமைதி காக்க' என்று நின்றது. என் அண்ணன் சகாயத்துக்கு அப்போதுதான் எழுத்துக் கூட்டிப் படிக்க வந்திருந்தது. பூசை நடந்துகொண்டிருக்கிறது, கோயிலே கேட்கும்படி "அமைதி காக்கா" என்று படித்தான். அதோடு விட்டானா? "இன்னாடி இது? எந்தக் காக்காடி அமைதியா கீது?" என்று என்னை வேறு கேட்டான். வெளியே தூங்குமூஞ்சி மரத்துக் காக்கைகளும் அந்த நேரம் பார்த்துக் கத்தின. எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. அம்மா இரண்டு பேர் தொடையிலும் கிள்ளினாள். அன்றிலிருந்து தெருவுக்கே அவன் அமைதி காக்கா. அவன் வாய் மூடிப் பார்த்தவர்கள் கிடையாது, தூக்கத்தில்கூடப் பேசுவான்.

அப்பேர்ப்பட்டவன் பட்டாளத்தில் சேர்ந்தான். சில வருஷம் கழித்து, கடலுக்கு அந்தப் பக்கம் அனுப்பப் போகிறார்கள் என்று தெரிந்தது. சண்டைக்கு இல்லை, அமைதி காக்க என்றார்கள். லீவில் வந்தவன் விழுந்து விழுந்து சிரித்தான். "பாத்தியாடி, கவர்மெண்டே சொல்லிடுச்சி. நான்தான் அமைதி காக்கா." தெருமுனை மிட்டாய்க் கடைக்காரர் ஒரு பெட்டி லட்டோடு வந்து அவன் முதுகில் தட்டிவிட்டுப் போனார். நெய்யும் ஏலக்காயும் கலந்த அந்த வாசனைதான் நேற்று லிஃப்டுக்குள் வந்தது.

உயிரோடு திரும்பி வந்தான். கை கால் எல்லாம் இருந்தது. அம்மா மாதாவுக்கு மெழுகுவர்த்தி ஏற்றினாள். ஆனால் பேச்சைத்தான் காணோம். சோறு, தண்ணி, போறேன், வரேன், அவ்வளவுதான். அமைதி காக்கப் போனவன் அமைதியாகவே வந்து சேர்ந்தான். கூடுதலாக ஒரு வார்த்தை வராதா என்று, மீன் துண்டைத் தட்டில் வைக்கும்போதெல்லாம் அம்மா அவன் முகத்தையே பார்ப்பாள். லட்டு கொடுத்த அதே மிட்டாய்க் கடைக்காரர் நடுத்தெருவில் நிறுத்தி, "நம்ம ஜனத்தையே அட்ச்சிட்டு வந்துகீறியே, இன்னா நைனா இது?" என்று கேட்டார். அண்ணன் தலையைக் குனிந்துகொண்டு நடந்துவிட்டான். அனுப்பும்போது இனித்த வாய்தான் அது. நான் பூசைக்குப் போகிறவள்தான், தினமும் மன்னிப்பைச் சொல்லி ஜெபிக்கிறவள்தான். அந்த வாயை மட்டும் இன்றுவரை மன்னிக்க முடியவில்லை.

அப்புறம் தி.நகரில் ஒரு துணிக்கடை வாசலில் காவலுக்கு நின்றான். லீவு நாளில் கோயிலுக்கு வந்துவிடுவான். பூசைக்கு அல்ல. ஆளே இல்லாத மத்தியானத்தில், அந்தப் பலகைக்கு எதிரே கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருப்பான். ஒருநாள் சாப்பாடு எடுத்துப் போன நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன். சும்மா இருக்க முடியாமல், "நம்ம கோயிலு எவ்ளோ அழகா கீது இல்லண்ணா?" என்றேன்.

"அங்கயும் ஒண்ணு இருந்துது" என்றான். "இதே மாரி மாதா கோயிலு. இதே நீலக் கண்ணாடி."

இத்தனை வார்த்தை சேர்ந்தாற்போல் அவன் பேசி எத்தனை நாளாயிற்று.

"கூர இல்ல. கண்ணாடி பூரா தரையில கெடந்துது. ஒரு செவுருதான் நின்னுகினு இருந்துது. அதுல பலக."

நான் எதிரே தொங்கிய பலகையைப் பார்த்தேன். அவனே சொன்னான்.

"அமைதி காக்கவும்னு. நம்ம பாஷைலதான். ஒரு எழுத்துகூட உதிரல."

அதோடு சரி. சாப்பாட்டுத் தூக்கைத் திறந்து சாப்பிட ஆரம்பித்துவிட்டான். அதைப் பற்றி மறுபடி அவன் பேசியதே இல்லை. அம்மா அவன் பழைய பேச்சைக் கேட்காமலே கண்ணை மூடினாள். சில வருஷத்துக்கு முன்னால் அவனும் போய்ச் சேர்ந்தான். அவனுக்குச் சலவைக்கல்லும் இல்லை, சம்மனசும் இல்லை.

போர் வந்தால்தான் அமைதி வருமாம்! தமிழ் வாத்தியாராகவே சொல்கிறேன், கேளுங்கள். சமாதானம் என்றால் சரி, அதற்கு முன்னால் ஒரு சண்டை வேண்டும். அடித்துக்கொண்டவர்களைத்தான் சமாதானம் பண்ண முடியும். அமைதி அப்படியா? அது முதலிலேயே இருப்பது. இருப்பதைத்தானே காக்க முடியும்? அதனால்தான் காக்கவும் என்று எழுதி வைத்தார்கள், அடித்து வாங்கவும் என்று எழுதவில்லை. இதையெல்லாம் லிஃப்டிலேயே சொல்லியிருக்க வேண்டும். நல்ல பதில் எனக்கு என்றைக்கும் ஆட்டோவில் போகும்போதுதான் வரும்.

நேற்று போய்ப் பார்த்தால், கோயில் பளபள என்று இருக்கிறது. சில்லென்ற சுண்ணாம்பின் மேல் பெயிண்ட் அடித்துவிட்டார்கள். பலகையைக் காணோம். அந்த இடத்தில், செல்போனை அணைக்கச் சொல்லி ஒரு பெட்டிக்குள் சிவப்பு எழுத்து ஓடிக்கொண்டிருக்கிறது. சம்மனசு மட்டும் பத்திரமாக இருந்து அழுகிறது. கடைசி பெஞ்சில் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். லட்டு உள்ளங்கையில் பிசுபிசுத்தது. தின்னவும் மனசில்லை, எறியவும் மனசில்லை.

காக்கைக்கு வைப்பது எங்கள் வழக்கம் கிடையாது. இருந்தாலும் வெளியே வந்து மதில்மேல் லட்டை வைத்தேன். யாராவது பார்க்கிறார்களா என்று திரும்பிப் பார்த்துவிட்டு, "கா கா" என்று கூப்பிட்டேன், இந்த வயசில். ஒன்றும் வரவில்லை. இன்னும் கொஞ்சம் சத்தமாகக் கூப்பிட்டேன். அப்புறம்தான் நிமிர்ந்து பார்த்தேன். தூங்குமூஞ்சி மரமே இல்லை. கார் நிறுத்த இடம் வேண்டுமென்று வெட்டிவிட்டு, தரை முழுக்கக் கல் பதித்திருந்தார்கள். காக்கை ஒன்றுகூட இல்லை. செயலாளர் கேட்ட மாதிரியே, நல்ல அமைதி.