செல்லதாஸ் குடிக்காத தண்ணீர்

கர்த்தர்மேல் ஆணை, கருமாரிமேல் ஆணை, உங்களுக்கு எந்தச் சாமியோ அந்தச் சாமிமேலும் ஆணை: இதில் ஒரு வரி பொய் என்றாலும் என் வேன் பேச்சிப்பாறை ஏற்றத்தில் நின்றுபோகட்டும். இதற்கு முன்பும் இரண்டு தடவை அங்கே நின்றிருக்கிறது, அது வேறு காரணம்.

சைக்கிள் மிதிக்கிறவர்களுக்குப் பின்னால் தண்ணீர் வண்டி ஓட்டுவது என் தொழில். கல்யாணப் பந்தியில் தண்ணீர் விளம்பியவர்களுக்கு என் பாடு தெரியும். "வேண்டாம்" என்று டம்ளரைக் கையால் மூடுவார்களே, அதே கைதான் இங்கேயும். என்ன, அது ஓடிக்கொண்டே இருக்கும். முப்பது வருசம் ரப்பர் பால் லாரி ஓட்டி ஓய்ந்தவன் நான். நாகர்கோவிலில் ஒரு சைக்கிள் கூட்டம் என்னைப் பிடித்துக்கொண்டது. வாத்தியார், பல் டாக்டர், கல்ஃபிலிருந்து திரும்பியவர்கள் என்று ஒரு பதினைந்து பேர். ஞாயிறு பாதிப் பேருக்கு ஆராதனை என்பதால் சனிக்கிழமை விடியலில் கிளம்புவார்கள். நூறு கிலோமீட்டர். நான் கேனில் தண்ணீர், உப்புப் போட்ட கஞ்சித்தண்ணீர், இளநீர், ஒரு குலை மட்டி வாழைப்பழம் எல்லாம் ஏற்றிக்கொண்டு பின்னால் போவேன்.

ஆடு கண்ட வாத்தியார்

வாத்தியாருக்கு வெறும் தண்ணீர் போதும். கஞ்சித்தண்ணீரை நீட்டினால் "நான் என்ன காய்ச்சக்காரனா?" என்பார். கீரிப்பாறை போன அன்று வெயில் மண்டையைப் பிளந்தது. டீக்கடை முன்னால் இறங்கினார், தொடை பிடித்துக்கொண்டது, அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். கறுப்புச் சட்டை முழுக்க வேர்வை காய்ந்து வெள்ளை வெள்ளையாய் உப்பு பூத்திருந்தது. கடைக்காரர் வீட்டு ஆடு வந்து முதுகை நக்க ஆரம்பித்தது. துரத்தினோம், போகவில்லை. உப்பு ருசி கண்ட ஆடு, அவர் மறுபடி சைக்கிளில் ஏறியபிறகும் மூன்று கிலோமீட்டர் கூடவே ஓடிவந்தது. ஆணையிடாமல் இருந்திருந்தால் எட்டு என்று சொல்லியிருப்பேன்.

அடுத்த நிறுத்தத்தில் அவராகவே வந்து கஞ்சித்தண்ணீர் இரண்டு டம்ளர் வாங்கிக் குடித்தார். வாயைத் துடைத்துக்கொண்டு சொன்னார்: "எனக்க உடம்புலேருந்து எவ்வளவு உப்பு போச்சுன்னு ஆட்டுக்குத் தெரிஞ்சிருக்கு, எனக்குத் தெரியல்ல பாத்தியளா அண்ணாச்சி."

புதுக்கடையில் மூன்று தட்டு

பசிக்கு முன்னால் தின்னணும், தாகத்துக்கு முன்னால் குடிக்கணும். நான் தொண்டை கிழியக் கத்துவது இவ்வளவுதான். பல் டாக்டர் தொந்தி குறைக்க வந்தவர், நாலு மணி நேரமாய் ஒரு பழம்கூடத் தொடவில்லை. புதுக்கடை ஜங்ஷன் வந்ததும் கண் இருட்டிவிட்டது. கடைக்குள் நுழைந்து மரச்சீனிக் கிழங்கும் மீன்கறியும் மூன்று தட்டு இறக்கினார். நாலாவது தட்டுக்குக் கையைக் காட்டும்போது நான்தான் தட்டிலிருந்த இலையை மடக்கினேன்.

வெளியே வந்து சைக்கிளைப் பார்த்தார், வயிற்றைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். "அண்ணாச்சி, சைக்கிளை மேல கெட்டுங்க, என்னைய உள்ள மெதுவா சாய்ச்சு வைங்க."

ஒட்டகம்

சிரிப்பு இதோடு தீர்ந்தது. செல்லதாஸ் மஸ்கட்டில் இருபத்திரண்டு வருசம் கட்டட வேலை பார்த்தவன். வெயிலில் கம்பி கட்டுகிற இடத்தில் மூத்திரம் போக அரை மைல் நடக்கணுமாம், போனால் ஃபோர்மேன் முறைப்பானாம். அதனால் காலையிலிருந்து சாயங்காலம்வரை ஒரு பாட்டில் தண்ணீர்தான். ஊருக்கு வந்து எங்களோடு சேர்ந்த புதிதில் ஒழுங்காகத்தான் குடித்துக்கொண்டிருந்தான். ஒரு நாள் பேச்சு சுவாரசியத்தில் பேச்சிப்பாறைவரை பாட்டிலைத் திறக்கவே மறந்துவிட்டான்.

நான் என்ன செய்திருக்க வேண்டும்? நாலு ஏச்சு ஏசிக் குடிக்க வைத்திருக்க வேண்டும். நானோ திறக்காத பாட்டிலைத் தூக்கிக் காட்டி, "லேய், இவன் ஒட்டகமாக்கும்" என்றேன். எல்லாரும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு எனக்குப் போதவில்லை. அவன் சைக்கிளில் திருவனந்தபுரம் போய்த் திரும்பிய கதையை டீக்கடை டீக்கடையாய்ச் சொன்னேன்: ஒரு சொட்டுக் குடிக்கவில்லை, திரும்பி வந்து ஏப்பம் விட்டான் என்று. களியக்காவிளையில் அவனுக்கு நானே இரண்டு இளநீர் வெட்டிக் கொடுத்ததை விட்டுவிட்டேன். இளநீரைச் சேர்த்தால் கதை நிற்காது.

கதை எனக்கு முன்னால் ஓடியது. இளவட்டங்கள் அவனோடு நின்று செல்ஃபி எடுத்தார்கள். ஒருநாள் அவன் பாட்டிலைத் திறந்து வாயருகே கொண்டுபோகிறான், புதிதாக வந்த ஒருவன் "அண்ணே, நீங்கதானே அந்த ஒட்டகம்?" என்றான். செல்லதாஸ் மூடியைத் திருகி என்னிடமே திருப்பித் தந்தான். உதடு வெடித்திருந்தது. குடிடே என்றேன். "ஒட்டகம் குடிச்சா பேரு போயிருமே அண்ணாச்சி."

கொண்டுபோன குலை

நாலு வருசம் கழித்து அவனுக்குக் கால் வீங்கியது. பரிசோதித்துவிட்டு இரண்டு சிறுநீரகமும் போச்சு என்றார்கள். டாக்டர் ஒற்றைக் காரணம் சொல்லவில்லை. பிரஷர் என்றார், வலி மாத்திரை என்றார், மஸ்கட் வெயில் என்றார். சைக்கிள் ஓட்டும்போது தண்ணீர் குடிப்பீர்களா என்றும் கேட்டாராம். இவன் தலையைக் குனிந்துகொண்டானாம். இப்போது வாரத்தில் மூன்று நாள் மெஷினில் ரத்தம் சுத்தம் செய்கிறார்கள். ஒரு நாளைக்கு அரை லிட்டர் தண்ணீர். கஞ்சியும் காப்பியும் அதற்குள்தான்.

நோயாளியைப் பார்க்க வெறுங்கையோடு போவோமா? ஆறு இளநீரும் ஒரு குலை மட்டிப்பழமும் கொண்டு போனேன். அவன் மனைவி லில்லிபாய் வாசலிலேயே மறித்தாள். இளநீர் ஆகாது, பழம் ஆகாது, உப்பு ஆகாது. இருதயம் நின்றுவிடுமாம். என் வண்டியில் நான் ஏற்றுகிற ஒவ்வொன்றும் அவனுக்கு விஷம். உள்ளே கட்டிலிலிருந்து "யாரு, அண்ணாச்சியா?" என்று அவன் குரல் கேட்டது. லில்லிபாய் தாழ்ந்த குரலில் சொன்னாள்: "இதைக் கொண்டு போயிருங்க, அவிய கண்ணுல காட்டாதீங்க."

ஒரு மூடி

மெஷின் இல்லாத சனிக்கிழமைகளில் இப்போது செல்லதாஸ் என் வேனில் வருகிறான். முன்சீட்டிலிருந்து கையை நீட்டி, ஓடுகிற சைக்கிளுக்குப் பாட்டில் கொடுப்பது அவன்தான். வேண்டாம் என்று எவனாவது கையைக் காட்டினால் போச்சு. "வெள்ளம் குடிச்சியா? பொய் சொல்லாதலே, பாட்டிலைக் கவுத்துக் காட்டு." அவனுடைய அரை லிட்டர் மடியில் தனியாக இருக்கும். தாகம் தாங்காதபோது மூடியில் ஊற்றி நாக்கை நனைத்துக்கொள்வான்.

போன சனிக்கிழமை துணைக்கு லில்லிபாயும் வந்திருந்தாள். பேச்சிப்பாறையில் அணைத் தண்ணீர் கரை தட்டிக் கிடக்க, அதைப் பார்க்காமல் செல்லதாஸ் ரோட்டைப் பார்த்து உட்கார்ந்திருந்தான். லில்லிபாய் என்னிடம் கேட்டாள்: "ஒரு சந்தேகம் அண்ணாச்சி. மஸ்கட்டுலேருந்து வந்த மனுசனை ரெண்டு வருசம் பின்னாலயே நடந்து தண்ணி குடிக்கப் பழக்கினேன். சைக்கிள் ஓட்டப் போன பொறவுதான் 'நான் ஒட்டகமாக்கும்'னு தொடங்கினாவ. அந்தப் பேரை யாரு வச்சா?"

எதற்கும் ஒரு கதை வைத்திருக்கிறவன் நான். அன்றைக்கு நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. செல்லதாஸ் திரும்பாமலே சொன்னான்: "மஸ்கட்டுல ஒரு ஃபோர்மேன் வச்சது, லில்லி. அவன் செத்துப் போனான்." எனக்குத் தெரிந்து அவன் சொன்ன ஒரே பொய். பிறகு மடியிலிருந்த பாட்டிலைத் திறந்தான், ஒரு மூடி ஊற்றினான், சிந்தாமல் என் பக்கம் நீட்டினான். என் முதுகுக்குப் பின்னால் நிறைந்த கேன் மூன்று இருக்கிறது. நான் அந்த மூடியை வாங்கி வாயில் வைக்கும்போது அவன் சொன்னான்: "குடிங்க அண்ணாச்சி, ஒங்களுக்குத் தொண்டை காஞ்சிருக்கு."

தாகத்துக்கு முன்னால் குடிக்கச் சொல்லி யாரிடம் வேண்டுமானாலும் சொல்லுங்கள், ஆனால் இதையெல்லாம் சொன்னது யார் என்று மட்டும் ஒருவரிடமும் மூச்சு விடாதீர்கள், முக்கியமாய் லில்லிபாயிடம், ஏனென்றால் அந்த ஃபோர்மேன் இன்னும் சாகவில்லை.