உம்மா பழக்கிய சிரிப்பு

அவசர சிகிச்சைப் பிரிவின் நடைவழியில் ஒரு தள்ளுகட்டிலில் கிடந்தேன். இளம் டொக்டர் ஒருவர் குனிந்து, "உங்கட பேர் என்ன?" என்று கேட்டார். நஸ்லியா. அது எனக்குத் தெரியும். வாயைத் திறந்தேன். சத்தம் வரவில்லை.

"கைய உயத்துங்க." உயர்த்தினேன். "சிரிச்சுக் காட்டுங்க." சிரித்தேன். முகம் ஒரு பக்கம் கோணவில்லை. ஆனாலும் பக்கவாதமாக (மூளைக்குப் போகும் இரத்தம் தடைப்படுவது) இருக்கலாம் என்று ஸ்கேன் அறைக்குத் தள்ளிக்கொண்டு போனார்கள். என் கணவர் றியாஸ் கட்டிலின் கம்பியைப் பிடித்தபடி கூடவே நடந்தார். அவருடைய உதடுகள் எதையோ ஓதிக்கொண்டிருந்தன.

வாப்பா மவுத்தாகி (இறந்து) ஒரு வாரம் ஆகியிருந்தது. அன்று வீட்டில் கத்தம் (இறந்தவருக்காகக் குர்ஆன் ஓதுவது) ஓதினார்கள். முற்றத்திலும் அறைகளிலும் சனம். காலையிலிருந்து வந்தவர்களுக்கெல்லாம் நான் பதில் சொல்லிக்கொண்டே இருந்தேன். மாமி ஒருவர் என் இரண்டு கைகளையும் பிடித்து, "ஒரு சொட்டுக் கண்ணீர் உடல்லையே புள்ள, கல்லா நீ?" என்று கேட்டார். பதில் சொல்ல நினைத்தேன். நாக்கு அசையவில்லை. சட்டிகளின் சத்தமும் பிள்ளைகளின் சத்தமும் ஒலிபெருக்கியும் ஒன்றாகித் தலைக்குள் இறங்கின. குசினிச் (சமையலறை) சுவரோடு சரிந்து உட்கார்ந்ததும், றியாஸ் ஓட்டோ பிடிக்க ஓடியதும்தான் நினைவிருக்கின்றன.

ஸ்கேனில் (மூளையை அடுக்கடுக்காகப் படமெடுப்பது) ஒன்றுமில்லை. மறுநாள் காலை கதை (பேச்சு) திரும்பி வந்தது. முதல் வார்த்தையைத் தாதியிடம்தான் சொன்னேன். "இந்த லைட்ட நூத்துடுங்க."

கவலையில் வந்தது என்று முடிவு செய்தார்கள். ஜின் பார்வை என்றவர்களும் உண்டு. ஓதிப் பார்க்க ஒரு ஹஸரத்தை அழைத்து வந்தார்கள். அவர் மெல்லிய குரலில் ஓதினார். அந்தக் குரல் எனக்கு உண்மையாகவே ஆறுதலாக இருந்தது. ஆனால் சில வாரங்களில், பள்ளிக்கூடத்தில், அது மறுபடி வந்தது.

நான் உயர்தர வகுப்புக்கு இரசாயனவியல் படிப்பிக்கிறேன். வெளியே விளையாட்டுப் போட்டிக்கு ஒத்திகை. மேளம், விசில், ஒலிபெருக்கி. பலகையில் ஒரு சமன்பாட்டைப் பாதி எழுதி, திரும்பி, மீதியைச் சொல்ல முயன்றேன். முடியவில்லை. பிள்ளைகள் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். யாரோ ஒருத்தி அழத் தொடங்கினாள்.

"கொஞ்ச நாள் லீவு எடுங்க டீச்சர், மறுகா பாப்பம்" என்றார் அதிபர். பிறகு என்றால் எப்போது என்று அவர் சொல்லவில்லை. கதை வராத ஆசிரியரை வைத்து என்ன செய்வார்கள்?

நரம்பியல் நிபுணர் எல்லாவற்றையும் பார்த்துவிட்டு மனநல மருத்துவரிடம் போகச் சொன்னார். றியாஸுக்கு விருப்பமில்லை. "ஊருக்குள்ள தெரிஞ்சா என்ன செய்யிற? நமக்கு ரெண்டு பொம்புளப் புள்ளைகள் இரிக்கி." நான் வற்புறுத்தினேன். கடைசியில், எங்களைத் தெரிந்தவர்கள் இல்லாத ஊராகப் பார்த்து மோட்டார் சைக்கிளில் போனோம்.

டொக்டர் ஒரு தமிழ்ப் பெண். என் வயதுதான் இருக்கும். இதுவரை யாரும் கேட்காதவற்றைக் கேட்டார். எந்தச் சத்தம் வலிக்கும், எந்தத் துணி உறுத்தும், ஆட்களோடு இருந்துவிட்டு வந்தால் எவ்வளவு நேரம் தனியே கிடக்க வேண்டும் என்றெல்லாம்.

"போன் எடுக்க முதல் என்ன செய்வீங்க?"

"கதைக்கிறதப் பாடமாக்குவன். அவங்க என்ன கேப்பாங்க, நான் என்ன சொல்லுவன் எண்டு."

"எல்லாப் போனுக்குமா?"

"ஓம். எல்லாரும் அப்பிடித்தானே?"

அவர் பேனாவைக் கீழே வைத்தார். "இல்ல, நஸ்லியா" என்றார்.

அந்த 'இல்ல'வைத் தாண்டி என்னால் உடனே நகர முடியவில்லை. எல்லோரும் இப்படித்தான் சிரமப்படுகிறார்கள், நான்தான் தைரியமில்லாதவள் என்று நாற்பது வயது தாண்டியும் நம்பியிருந்தேன்.

ஓட்டிசமாக (பிறப்பிலிருந்தே மூளை வேறு விதமாக வளர்ந்து இயங்குவது) இருக்கலாம் என்றார். எனக்குத் தெரிந்த ஓட்டிசம் கதைக்காத சின்னப் பையன்களுடையது. நான் பட்டதாரி. இரண்டு பிள்ளைகளின் தாய். சிலர் அதைச் சின்ன வயதிலேயே மறைக்கப் பழகிவிடுகிறார்கள், பெண்களில் இது அதிகம் தவறிப் போகிறது என்று அவர் விளக்கினார். தாங்க முடியாத சுமை வரும்போது உடம்பு முடங்கிப் பேச்சும் நின்றுவிடலாம். ஆனால் உறுதியாகச் சொல்ல, என்னைக் குழந்தையாக வளர்த்த ஒருவரோடு அவர் கதைக்க வேண்டும்.

வாப்பா இல்லை. உம்மாதான் இருந்தார். அவரோ இத்தாவில் (கணவனை இழந்த பெண் வீட்டோடு தங்கியிருக்கும் காலம்) இருந்தார். போனில் கதைத்தால் போதும் என்றார் டொக்டர்.

ஒரே வளவுக்குள்தான் உம்மாவின் வீடு. விஷயத்தைச் சொன்னேன். அவர் தஸ்பீஹ் மணியை உருட்டுவதை நிறுத்தினார்.

"என்ட வகுத்துல பிழையெண்டு செல்ல வாறியா?"

"இல்ல உம்மா. என்னப் பத்தித் தெரிஞ்சதச் சொன்னாப் போதும்."

"உனக்கு ஒரு குறையும் இல்ல. கொமர்க் காலத்துல இல்லாத வருத்தம் இப்ப எங்கால வந்த?"

அதன்பிறகு அவர் என்னோடு கதைக்கவில்லை. நான் கொண்டுபோன சோற்றை வாங்கிக்கொள்வார். முகத்தைப் பார்க்கமாட்டார். லீவு முடியும் நாள் நெருங்கிக்கொண்டிருந்தது.

டொக்டரிடம் அடுத்த தவணைக்குப் போனபோது, உம்மா எடுக்கமாட்டார் என்று நினைத்துக்கொண்டுதான் றியாஸ் அழைத்தார். எடுத்துவிட்டார். போனை ஒலிபெருக்கியில் போட்டு மேசையில் வைத்தோம்.

"உம்மா, உங்கள யாரும் குத்தம் சொல்லல்ல. மகள் சின்னப் பிள்ளையில எப்பிடி இருந்தவ?" என்று டொக்டர் கேட்டார்.

கதவு சாத்தும் சத்தம் கேட்டது. பிறகு உம்மா தொடங்கினார்.

"பேச்சு பிந்தித்தான் வந்த. தூக்கினா உடம்ப விறைச்சிக்குவா. பெருநாளைக்குப் புது உடுப்பு போட்டா, கிழிச்சி எறியிற அளவுக்குக் கத்துவா. ஆக்கள் வந்தா வேலிப்பக்கம் நிண்டு ஆடிக்கிட்டே இருப்பா."

"நீங்க என்ன செஞ்சீங்க?"

"பழக்கினன். ஆக்கள் வர முதல் குசினிக்குள்ள கூட்டிப் போய்ச் செல்லிக் குடுப்பன். சலாம் செல்லு, கண்ணப் பாரு, சிரி, ஆடாத எண்டு. ஆடினா தொடையில கிள்ளுவன். பொம்புளப் புள்ள டொக்டர். நாளைக்கு ஒரு மாப்புள வரணுமே. எவ்வளவோ கஷ்டப்பட்டுப் பழக்கினன். அவளும் பழகிட்டாள்." குரல் உடைந்தது. "நான் கட்டின கட்டு இப்ப கழண்டு போச்சு."

அந்தக் கிள்ளல் எனக்கு நினைவிருந்தது. குழப்படிக்காகக் கிள்ளியதாகவே இத்தனை காலமும் எண்ணியிருந்தேன்.

டொக்டர் அன்று உறுதி செய்தார். மருந்தென்று ஒன்றுமில்லை. நோயென்றும் சொல்ல முடியாது. சத்தத்தைக் குறைக்க வேண்டும், இடையில் ஓய்வு வேண்டும், பள்ளிக்கூடத்துக்கு அவர் எழுதித் தருவார். இத்தனைதான். நிம்மதி வரும் என்று எதிர்பார்த்தேன். வந்தது கோபம்தான், உம்மா மேல். அதற்குள்ளேயே, ஒன்றும் தெரியாத காலத்தில் தனக்குத் தெரிந்த ஒரே வழியில் என்னைக் காப்பாற்ற நின்ற ஒரு பெண்ணையும் கண்டேன். இரண்டும் இன்றுவரை ஒன்றையொன்று அழிக்கவில்லை.

திரும்பி வரும் வழியில் றியாஸ் வேகமாக ஓட்டினார். வயல்கள் முடியுமிடத்தில் மோட்டார் சைக்கிளை நிறுத்தி இறங்கினார்.

"அப்ப என்னோட சிரிச்சது? அதுவும் பழகினதா?"

அதற்கு நான் எதையும் பாடமாக்கி வைத்திருக்கவில்லை.

"முதல்ல பழகினதுதான்" என்றேன். "உங்கட சொந்தக்காரர் இருக்கக்குள்ள இப்பவும் அதுதான். நீங்களும் நானும் தனிய இருக்கக்குள்ள இல்ல."

அவர் வயல் பக்கம் திரும்பினார். "தனிய இருக்கக்குள்ள நீங்க சிரிக்கிறதே கொறவு" என்றார்.

"ஓம். அதுதான் என்ட சிரிப்பு."

அவர் ஏறி உட்கார்ந்து மோட்டார் சைக்கிளைக் கிளப்பினார். சமாதானமாகிவிட்டாரா என்று தெரியவில்லை. அடுத்த வெள்ளிக்கிழமை அவருடைய ராத்தா (அக்கா) வீட்டு விருந்துக்குத் தனியே போய், எனக்குத் தலைவலி என்று சொல்லிவிட்டு வந்தார். உண்மையைச் சொல்ல அவருக்குப் பல மாதங்கள் ஆயின. நானும் வற்புறுத்தவில்லை.

பெரிய வயதில் ஓட்டிசம் என்ற இந்தப் பெயரை முதன்முதலாகக் கேட்டவர்கள் இதை வாசிக்கக்கூடும். எது நான், எது பழக்கியது என்று இரவும் பகலும் பிரித்துக்கொண்டிருக்காதீர்கள். நான் அதில் பல வாரங்களை இழந்தேன். மாணவிகளுக்கு மூலக்கூறுகளை விளக்கும்போது வரும் உற்சாகம் யாரும் பழக்காதது என்று மட்டும் கண்டுகொண்டேன். அதைப் பிடித்துக்கொண்டு வகுப்புக்குத் திரும்பினேன். பேச்சு நிற்கக்கூடும் என்று பிள்ளைகளிடம் சொல்லிவைத்தேன். அப்படி நின்ற நாளில் பலகையில் எழுதியே பாடத்தை முடித்தேன். அதிபர் வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்.

முன்பெல்லாம் என் உடம்பு ஒன்றும் சொல்லாமல் திடீரென்று அடைத்துக்கொள்ளும். சொல்லிக்கொண்டுதான் இருந்திருக்கிறது, எனக்குக் கேட்டதில்லை. இப்போது தாடை இறுகும்போதே தெரிகிறது. எழுந்து போய்விடுகிறேன். பள்ளிக்கூடம் விட்டு வந்து பின்னறையில் கிடக்கும் நேரத்தை வீணான நேரம் என்று எண்ணுவதையும் விட்டுவிட்டேன்.

இத்தா முடிந்த பிறகு ஒருநாள் அப்படிக் கிடந்தபோது உம்மா வந்தார். வாசலில் கொஞ்சம் நின்றார். பிறகு கட்டிலின் ஓரத்தில், என்னைத் தொடாமல், உட்கார்ந்தார்.

"கதை வருதா?"

இல்லை என்று தலையசைத்தேன். சிரிக்கவில்லை.

"சரி, கிட" என்றார்.

வேறெதுவும் சொல்லாமல் இருந்தார். அஸருக்குப் பாங்கு சொன்னதும் எழுந்து தொழப் போனார். நான் கிடந்தேன்.