வடகிழக்கே போன கோடு

நியூஜெர்சியில், பிளெய்ன்ஸ்பரோவில் என் மகள் குடியிருந்த அபார்ட்மெண்டில் அடுப்படிக்கும் ஹாலுக்கும் நடுவே சுவர் கிடையாது. இடுப்பு உயரத்துக்கு ஒரு மேடை, அவ்வளவுதான். அந்த வீட்டைக் கட்டினவனுக்கு மாமியார் என்று ஒருத்தி இருந்திருக்கவே மாட்டாள் என்று நினைத்துக்கொள்வேன்.

எங்கள் கடற்கரை ஊரில் மாமியார் மாப்பிள்ளை முன்னால் வரமாட்டாள். நேருக்கு நேர் பேசவும் மாட்டாள். கல்யாணம் ஆனதும் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்குக் குடிவருவார். அவருக்கு மாடி அறை, எனக்குக் கீழே உள்கட்டு. அமெரிக்காவில் எல்லாம் தலைகீழ். நானும் என் புருஷன் அவுகளும் மாப்பிள்ளை வீட்டில் போய் இறங்கினோம். ரெண்டு ரூம் வீட்டில் எங்கே போய் மறைவது? அவர் ஹாலில் இருந்தால் நான் ஃப்ரிட்ஜுக்கு அந்தப் பக்கம் நிற்பேன். என்ன கேட்கணும் என்றாலும் மகளிடம் கேட்பேன், அவர் காதில் விழுகிற மாதிரி.

"மாப்பிள்ளைக்கு இன்னொரு தோசை வேணுமான்னு கேளு."

"நீங்களே கேளுங்க உம்மா. இந்தா எதிர்லதானே உட்கார்ந்திருக்காங்க."

"நீ கேளுடி."

"மச்சான், தோசை வேணுமான்னு ஃப்ரிட்ஜ் கேக்குது."

"போதும்னு ஃப்ரிட்ஜுக்கு சலாம் சொல்லு" என்பார் அவர். நல்ல மனுஷர். வாய்தான் கொஞ்சம் குறும்பு.

நான் பள்ளிக்கூடம் போனவள் இல்லை. குர்ஆன் ஓத வரும். தமிழ் எழுத்தைப் பிற்பாடு கூட்டிக்கூட்டிப் படித்துக்கொண்டேன். ஆனால் திக்கு திசை விஷயத்தில் என்னை ஒருத்தரும் ஏமாற்ற முடியாது என்று இருந்தேன். எங்கள் ஊருக்கு மக்கா மேற்கே. பிறந்ததிலிருந்து மேற்கே பார்த்துத் தொழுது பழக்கம். அமெரிக்கா வந்த முதல் நாள் சாயங்காலம், அஸர் தொழுகை நேரம், வெயில் சாய்கிற ஜன்னலைப் பார்த்துப் பாயை விரித்தேன். தொழுது முடித்துத் திரும்பினால் அவுக சிரிக்கிறார்கள்.

"கலிபோர்னியாவைப் பார்த்துத் தொழுதியாக்கும்? மக்கா உன் முதுகுப் பக்கமில்ல இருக்கு."

அப்படிச் சிரித்தவர்களுக்கும் மறுநாளே தகராறு வந்தது. மாப்பிள்ளை பாயை வடகிழக்கே போட்டார். பள்ளிவாசலிலும் அப்படித்தான் என்றார். அவுக ஒத்துக்கொள்ளவில்லை. "மக்கா நமக்குக் கீழே கெடக்கு. தென்கிழக்கே பார்க்காம வடக்கே பார்க்கச் சொல்றியே, அங்கே பனிக்கரடிதான் இருக்கும்" என்று சத்தம். ஒரு வாரம் ஒரே ஹாலில் மாமனார் ஒரு பக்கம், மருமகன் ஒரு பக்கம் பார்த்துத் தொழுதார்கள்.

கடைசியில் மாப்பிள்ளை உலக உருண்டை வரைந்த பந்து ஒன்று வாங்கிவந்தார். என் தையல் நூலில் கொஞ்சம் கேட்டு, ஒரு முனையை நியூஜெர்சியில் வைத்து, மறுமுனையை மக்காவில் வைத்து இழுத்துப் பிடித்தார். நூல் தென்கிழக்கே நிற்கவில்லை. இழுக்க இழுக்கத் தானாக நழுவி வடக்கே ஏறியது. அவுக பந்தைப் பிடுங்கித் தானே இழுத்துப் பார்த்தார்கள். எச்சில் தொட்டுக் கீழே ஒட்டிப் பார்த்தார்கள். விட்டதும் நூல் மேலே போய்விட்டது. பந்தைக் கீழே வைத்தார்கள். பிறகு எழுந்து பாயைத் திருப்பிப் போட்டார்கள்.

அதுக்கப்புறம் அவுகளைப் பிடிக்க முடியாது. ஐசலினுக்குச் சாமான் வாங்கப் போனால் கடைக்காரரைக்கூட விடமாட்டார்கள், "உங்க கடைக்கு கிப்லா எந்தப் பக்கம் சொல்லுங்க" என்று. தொழுகிற திசையைத் தப்பாகச் சொன்னால் நூல் கதை ஆரம்பமாகும்.

அடுத்த பனிக்காலத்தில் அவுக மௌத்தாகிவிட்டார்கள். நெஞ்சு வலிக்குது என்றார்கள், ஆஸ்பத்திரிக்குப் போனார்கள், வரவில்லை. குளிப்பாட்டி, கஃபன் துணி சுற்றி ஆம்பிளைகள் கொண்டுபோனார்கள். அடக்கம் பண்ணுகிற மையவாடிக்கு எங்கள் ஊரில் பெண்கள் போவதில்லை. நான் நாலு மாசம் பத்து நாள் இத்தாவில் உட்கார்ந்தேன், வாசல் தாண்டாமல். கபர்க் குழியில் வலது பக்கமாகச் சாய்த்து, முகம் கிப்லாவைப் பார்க்க வைப்பார்கள் என்பது எல்லாருக்கும் தெரிந்ததுதான். அதைப் பற்றி அப்போது எனக்கு ஒரு யோசனையும் இல்லை. மாப்பிள்ளை இருந்தார், பார்த்துக்கொள்வார்.

இனி மேப் விஷயத்துக்கு வருகிறேன். ரெண்டாயிரத்து ஆறோ ஏழோ, அந்தச் சமயம். மாப்பிள்ளைக்கு ஜெர்மன் நாட்டுக்காரர்களுக்கு இன்டர்நெட்டில் பக்கம் செய்து கொடுக்கிற வேலை. நமக்குக் காலை என்றால் அவர்களுக்கு மத்தியானம், அதனால் பாதி நாள் வீட்டிலேயே கம்ப்யூட்டர் முன்னால் இருப்பார். அந்தப் பக்கங்களில் மேப்பை வைப்பதுதான் அவருடைய வேலை. மேப் என்றால் ரோடு தேட என்றுதான் நான் நினைத்திருந்தேன். அவர் மகளைக் கூப்பிட்டுக் காட்டும்போது நானும் ஃப்ரிட்ஜ் ஓரமாக எட்டிப் பார்ப்பேன். அங்கே ஒருத்தர் மேப் முழுக்க நாரைக் கூடு குறித்து வைத்திருந்தார். எந்த ஊர், எந்த வீட்டுப் புகைக்கூண்டு மேலே கூடு, இந்த வருஷம் குஞ்சு உண்டா இல்லையா எல்லாம் இருந்தது. புள்ளியைத் தொட்டால் குஞ்சு வாயைத் திறந்துகொண்டு படத்தில் வரும்.

"நாரைக்கெல்லாமா அட்ரஸ் போட்டு வச்சிருக்காக?" என்றேன், மகளிடம்.

"நம்ம தெருவுல பாதிப் பேருக்கு இல்ல உம்மா."

இன்னொன்று சத்தத்துக்கான மேப். ஒரு ஊரின் படம். ஒரு மூலையைத் தொட்டால் கோயில் மணி, இன்னொரு மூலையைத் தொட்டால் டிராம் வண்டி, ஆற்றங்கரையைத் தொட்டால் வாத்து. அந்த ஊர்க்காரர்களே பதிவு பண்ணிப் போட்டிருக்கிறார்கள். தக்காளி நறுக்கிக்கொண்டிருந்த நான் கத்தியைக் கீழே வைத்துவிட்டேன். போகாத ஊரின் மணி என் அடுப்படியில் அடித்தது. மனுஷனுக்கு அல்லாஹ் எப்பேர்ப்பட்ட புத்தியைக் கொடுத்திருக்கிறான் என்று அன்றைக்கு முழுக்க அதே நினைப்பு. மாப்பிள்ளை கவனித்திருப்பார் போல. அதுக்கப்புறம் புதிதாக எது வந்தாலும் ஸ்கிரீனைக் கொஞ்சம் ஃப்ரிட்ஜ் பக்கம் திருப்பி வைப்பார்.

அவுக மௌத்தாகி ஒரு வருஷம் ஆகி, வருஷ ஃபாத்திஹா வந்தது. ஐசலின் பக்கமிருந்து ஒரு அம்மாவும் வந்திருந்தார்கள். என் வயசுதான். அமெரிக்காவுக்கு ரொம்ப காலம் முன்னாலேயே வந்தவர்கள், என் மகள் ஆன்ட்டி என்பாள். ஓதி முடித்துச் சாப்பிட உட்கார்ந்த இடத்தில் அந்த அம்மா சொன்னார்கள்: "என் ஹஸ்பண்ட் போன வாரம் ஒரு ஜனாஸாவுக்காக அந்த மையவாடிக்குப் போனாங்க. உங்க வீட்டுக்காரர் கல்லைப் பார்த்தாங்களாம். பழைய லைன்ல இருக்கு. அந்த லைன் மொத்தமும் அந்தக் காலத்துல சவுத் ஈஸ்ட் பார்த்து வச்சது, தெரியுமோ?"

"என் மாப்பிள்ளை நின்னு பார்த்து வச்சது. தப்பா இருக்காது."

"தப்புன்னு நான் சொல்லலையே. பனியில, அவசரத்துல, யாரு திசை பார்த்தா? அல்லாஹ் மன்னிப்பான்."

"பிரியாணி ஆறுது. அதைக் கவனிங்க" என்றேன்.

வாயால் அடைத்துவிட்டேன். நெஞ்சை அடைக்க முடியவில்லை. அந்த நூலை எத்தனை தரம் இழுத்துப் பார்த்த மனுஷர்! வயசான காலத்தில், தெரிந்த திசையை விட்டுச் சரியான திசைக்குத் திரும்பினவர். அவரைக் கியாமத்து நாள் வரைக்கும் பழைய திசையைப் பார்க்கப் படுக்கவைத்துவிட்டார்களா? தொழ நின்றால் அதே நினைப்பு. என் பாய் ஒரு பக்கம், அவுக முகம் வேறு பக்கம்.

மகளிடம் சொன்னேன். "மாப்பிள்ளையைக் கேளு. எந்தப் பக்கம் பார்த்து வச்சாங்கன்னு."

"சரியாத்தான் வச்சோம்" என்று ஹாலிலிருந்து பதில் வந்தது.

"கல்லு பழைய வரிசையில இருக்காமே, அதைக் கேளு."

"வரிசை பழசுதான். ஆனா சரியாத்தான் வச்சோம்னு சொல்லு."

இதையே மறுநாள் கேட்டேன், அதுக்கு மறுநாளும் கேட்டேன். பதில் மாறவில்லை. கிழவி மனசு கஷ்டப்படக் கூடாது என்று சொல்கிறார், வேறொன்றுமில்லை என்று நினைத்துக்கொண்டேன். மகள், "வாங்க, கார்ல போய்ப் பார்த்துட்டு வந்துடலாம், இங்கே யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க" என்றாள். ஊர் வழக்கத்தை விட்டுக் கொடுக்க மாட்டேன் என்றேன். மாப்பிள்ளையும், போனாலும் பிரயோஜனமில்லை என்றார். புல் மூடிவிட்டது. புல் வெட்டுகிற வண்டி ஓட வசதியாக, பேர்க்கல்லை எல்லாம் மையவாடி ஆபீஸ்காரர்கள் ஒரே நேராகப் பதித்துவிட்டார்கள். உள்ளே எப்படி இருக்கிறது என்று கல்லைப் பார்த்துத் தெரியாது.

அப்போ யாருக்குமே தெரியாது என்று ஆகிவிட்டது. எனக்குச் சோறு இறங்கவில்லை.

ஒரு சனிக்கிழமை முற்பகல். நான் அடுப்படியில் நின்றுகொண்டிருந்தேன். கம்ப்யூட்டர் முன்னால் இருந்த மாப்பிள்ளை மகளிடம் ஏதோ சொன்னார். அவள் ஒரு நாற்காலியைத் தூக்கிவந்து அவருக்குப் பக்கத்தில் போட்டாள்.

"உம்மா, இங்கே வந்து உட்காருங்க."

"என்னடி இது?"

"இனிமே நான் தபால் தூக்க மாட்டேன். இது நீங்களே பார்க்க வேண்டியது."

முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு போய் நாற்காலி நுனியில் உட்கார்ந்தேன். இத்தனை வருஷத்தில் மாப்பிள்ளைக்குப் பக்கத்தில் உட்கார்ந்தது அன்றைக்குத்தான். அவரும் என் முகத்தைப் பார்க்கவில்லை. ஸ்கிரீனைப் பார்த்தே பேசினார்.

"மாமி, இது ஜெர்மனியில ஒருத்தர் செஞ்ச பக்கம். வீட்டுக் கூரையில பெரிய ஏரியல் நட்டு வச்சு, ரேடியோவுல தூர தேசத்து ஆளுங்களோட பேசறவர். ஏரியலை எந்தப் பக்கம் திருப்பினா யாருக்கு நேராப் போய்ச் சேரும்னு பார்க்கறதுக்காகச் செஞ்சது. நாம ரெண்டு இடத்துல குறி வச்சாப் போதும், கோடு தானா விழும்."

ஒரு குறியை மக்காவில் வைத்தார். இன்னொன்றைக் கையால் இழுத்துக்கொண்டே கடல் தாண்டி நியூஜெர்சிக்குக் கொண்டுவந்தார். கோடு கூடவே நீண்டது. நேராக இல்லை. வில் மாதிரி வளைந்து, இங்கிருந்து வடகிழக்கே ஏறி, குளிர் தேசத்துக் கரையோரமாகப் போய், பெருங்கடலைக் கடந்து, அந்த ரேடியோக்காரர் நாட்டுக்குக் கொஞ்சம் தெற்கே இறங்கி, எகிப்தைத் தாண்டி மக்காவில் போய் நின்றது. அது என் தையல் நூல். அவுக எச்சில் தொட்டு ஒட்டியும் நிற்காத அதே நூல்.

"இப்போ கிட்டப் போறேன்" என்றார். பூமி எங்களைப் பார்த்து எழும்பி வந்தது. ரோடு, மரம், கூரை தெரிந்தன. அப்புறம் ஒரு வேலி, வேலிக்குள் புல்வெளி, புல்லில் வெள்ளைப் பொட்டு வைத்த மாதிரி வரிசையாகக் கற்கள். மையவாடி. என் கால் படாத இடம், என் அவுக இருக்கிற இடம். மேலே பறக்கிற பறவைக்குத் தெரிகிற மாதிரி எனக்குத் தெரிந்தது. பிஸ்மில்லாஹ் என்று வாய் தானாகச் சொன்னது.

வரிசையின் கோடியில், வேலி ஓரத்தில், பழுப்பாக ஒரு நீளக் கட்டம். மற்றதெல்லாம் பச்சை. அது மட்டும் மண். வரிசையோடு சேராமல் திரும்பி, கோணலாக இருந்தது.

"அது என்ன?" என்று கேட்டுவிட்டேன். மகளைக் கேட்கவில்லை. அவரைத்தான் கேட்டேன்.

மாப்பிள்ளை ஸ்கிரீனில் அந்தக் கட்டத்தை விரலால் தொட்டுக் காட்டினார். பிறகு, "அதான் மாமி, மாமா" என்றார்.

விமானத்திலிருந்து எடுத்த படமாம். அடக்கம் பண்ணிக் கொஞ்ச நாளில், பனி உருகினதும், அந்த மண்ணில் புல் முளைக்கும் முன்னால், கல் பதிக்கும் முன்னால் எடுத்திருக்கிறார்கள். நான் இத்தாவில் ஜன்னல் திரையைக்கூட விலக்காமல் உட்கார்ந்திருந்த நாட்களில், யாரோ முகம் தெரியாத ஒருத்தர் என் தலைக்கு மேலே பறந்து போய், என் புருஷன் கபரின் ஈரமண்ணைப் படம் பிடித்து வைத்துவிட்டார். யாருக்காக எடுக்கிறோம் என்று அவருக்குத் தெரியாது. கூரையில் ஏரியல் நட்டவருக்கும் தெரியாது.

"அன்னைக்குக் குழி வரிசைப்படி தோண்டியிருந்தாங்க" என்று மாப்பிள்ளை சொன்னார். "திருப்பித் தோண்டணும்னு சொன்னேன். வரிசை கெட்டுப்போகும்னு பெரியவங்க சிலர் கோவிச்சுக்கிட்டாங்க. கொஞ்சம் பேச்சு ஆயிடுச்சு. மாமா நூலைப் பிடிச்சு இழுத்ததுதான் எனக்குக் கண்ணுல நின்னுச்சு. கோடியில இடம் இருந்ததால திருப்பிட்டோம். கபர் பக்கத்துல வாக்குவாதம் நடந்துச்சுன்னு உங்ககிட்ட எப்படிச் சொல்றது? அதான் சொல்லலை."

சொல்லிக்கொண்டே குறியை மெதுவாக இழுத்து அந்தப் பழுப்புக் கட்டத்தின் நடுவில் வைத்தார். கோடு கட்டத்துக்குக் குறுக்கே, கூட்டல் குறி போட்ட மாதிரி, துளி சாய்வில்லாமல் விழுந்தது. வலது பக்கம் சாய்ந்து படுத்திருக்கிற மனுஷரின் முகத்துக்கு நேரே கிளம்பி வடகிழக்கே போனது.

மகள் பின்னால் நின்று மூக்கை உறிஞ்சினாள். நான் அழவில்லை. அந்த வரிசையைக் கண் எட்டுகிற மட்டும் பார்த்தேன். எல்லாரும் ஒழுங்காக இருக்கிறார்கள், அவுக மட்டும் திரும்பிப் படுத்திருக்கிறார்கள். உயிரோடு இருக்கும்போதும் அப்படித்தான். ஒன்று சரி என்று பட்டுவிட்டால் ஊரே வேறு பக்கம் நின்றாலும் கவலைப்படாதவர்.

"மாப்பிள்ளை" என்றேன். முக்காட்டுக்குள்ளிருந்துதான், ஆனால் நேராக அவரிடமே. "எனக்கு நேரம் வரும்போது அவுகளுக்குப் பக்கத்துலதான் வைக்கணும். வரிசை கெட்டாலும் சரி, யார் கோவிச்சாலும் சரி. கோணலாத்தான் வைக்கணும்."

"உம்மா! என்ன பேச்சு இது? வாயைக் கழுவுங்க" என்று மகள் கத்தினாள்.

மாப்பிள்ளை கத்தவில்லை. குறியைப் பிடித்து, பழுப்புக் கட்டத்துக்கும் வேலிக்கும் நடுவில் மிச்சமிருந்த பச்சை இடத்துக்கு நகர்த்தினார். கோடும் கூடவே நகர்ந்து வந்து நின்றது.

"இடம் இருக்கு மாமி" என்றார்.