எந்த ஊருன்னு கேட்டது தப்பாப் போச்சு

இன்னிக்கு மும்பை செம்பூர்ல வாஷி ட்ரெயின் ஏறுனேன், லேடீஸ் டப்பா, அதாங்க பெட்டி. எதிர்ல ஒரு சின்னப் பொண்ணு. பக்கத்துல ஒரு அம்மா. அந்தப் பொண்ணு கைய விடவேயில்ல.

"எப்பம்க்கா எறங்கணும்?"னு பொண்ணு கேட்டா. நம்ம திருநெல்வேலித் தமிழ்!

எங்க போறோம்னே தெரியாத பிள்ளைய இவ எங்க கூட்டிட்டுப் போறா? எனக்கு டவுட்.

"எந்த ஊரும்மா? சாப்பிட்டியா?"ன்னு பேச்சுக் கொடுத்தேன்.

பொண்ணு அந்த அம்மா தோள்ல மூஞ்சிய மறைச்சுக்கிட்டா. அந்த அம்மா சட்டுன்னு என்னை போட்டோ எடுத்தாங்க.

"போலீசைக் கூப்பிடட்டா?"ன்னேன்.

"கூப்பிடுங்க"ன்னு ஒரு ஐடி கார்டைக் காட்டி, என் காதுல மட்டும் சொன்னாங்க: "பெண்கள் காப்பகத்துல வேலை பாக்கேன். இவள ஏமாத்திக் கூட்டிட்டு வந்து வித்தவளும் ட்ரெயின்ல இப்படித்தான் ஆரம்பிச்சா. எந்த ஊரு, சாப்பிட்டியான்னு."

கார்டு நெஜமான்னு எனக்கு டவுட். நான் யாருன்னு அவங்களுக்கு டவுட். வாஷி வரைக்கும் முறைச்சிக்கிட்டே போனோம்.

ஊர் கேக்காம நம்மாளு எப்படிங்க பேச்ச ஆரம்பிக்கிறது? தெரிஞ்சவங்க சொல்லுங்க.