பீரோவுக்குள் பாரோமீட்டர்

எங்கள் லேபில் பாரோமீட்டர் இல்லை என்று யாரும் சொல்லிவிட முடியாது. இருந்தது. மேனேஜர் அறை பீரோவில், வந்த அட்டைப்பெட்டியிலேயே, முகப்பில் ஒட்டிய பிளாஸ்டிக் தாள்கூடப் பிரியாமல் பத்திரமாக இருந்தது. ஆடிட்டர் வரும் நாளில் மேசைக்கு வரும். ஆயுத பூஜை அன்று வெளியே வந்து சந்தனம் குங்குமம் வைத்துக்கொள்ளும். மற்ற நாளெல்லாம் பீரோதான். விலை உயர்ந்த பொருள், நாலு பேர் கை பட்டால் கெட்டுவிடும் என்பது மேனேஜரின் கட்சி.

குழாயில் காற்று ஓடும் அளவைக் காட்டும் ஃப்ளோ மீட்டர்களைச் சோதித்து சர்டிபிகேட் தருவது அம்பத்தூர் எஸ்டேட்டில் எங்களுடைய வேலை. கையெழுத்துப் போடுவது நான். அழுத்தம் சரியாகத் தெரியாவிட்டால் அந்தச் சோதனைக்கு அர்த்தமே இல்லை. குழாயில் மாட்டிய கேஜ், உள்ளிருக்கும் காற்று வெளிக்காற்றைவிட எவ்வளவு கூடுதலாக அழுத்துகிறது என்று மட்டும்தான் சொல்லும். மொத்த அழுத்தம் வேண்டுமென்றால் அன்றைய வெளிக்காற்றின் அழுத்தத்தை அதோடு கூட்ட வேண்டும். பாரோமீட்டர் அதற்குத்தான். எங்கள் எக்செல் ஷீட்டிலோ அந்தக் கட்டத்தில் யாரோ ஆயிரத்துப் பதிமூன்று மில்லிபார் என்று அடித்து, பாஸ்வேர்டு போட்டுப் பூட்டியிருந்தார். அவர் வேலையை விட்டே போய்விட்டார். சேர்ந்த புதிதில் இதைக் கேட்டேன். சென்னை என்ன ஊட்டியா, இங்கே எல்லா நாளும் ஒரே காற்றுதான் என்று சொல்லி மேனேஜர் என்னை அனுப்பிவிட்டார்.

அந்த நவம்பரில் புயல் சின்னம் வந்தது. எஸ்டேட்டில் முழங்கால் தண்ணீர். அந்த வாரம் பார்த்துத்தான் பக்கத்துத் தெருவில் பட்டறை வைத்து மீட்டர் செய்கிறவர் ஒரு பெட்டி நிறையக் கொண்டுவந்தார். ஒரு மருந்து கம்பெனி கொடுத்த முதல் ஆர்டர். வார முடிவுக்குள் பாஸ் சர்டிபிகேட்டோடு போய்ச் சேராவிட்டால் வேறு ஆளிடம் வாங்கிக்கொள்வதாகச் சொல்லிவிட்டார்களாம்.

சோதனைக் குழாயில் மாட்டினால் எல்லா மீட்டரும் எங்கள் ஷீட் கணக்கைவிடக் குறைவாகக் காட்டின. எல்லாமே ஃபெயில். அதுவும் எல்லாம் ஒரே அளவு குறைவு. இத்தனை மீட்டரும் சொல்லி வைத்தாற்போல் ஒன்றாகத் தப்பாகக் காட்டுமா? தப்பு எங்கள் பக்கம்தான் என்று எனக்குப் பட்டது. இணைப்புகளில் எல்லாம் சோப்பு நுரை தடவிக் கசிவு தேடினேன். குழல்களை மாற்றினேன். கேஜைக் கழற்றி, எடைக்கல் வைத்து அழுத்தம் பார்க்கும் கருவியில் மாட்டினேன். அது குறை சொல்ல முடியாதபடி காட்டியது. ஒரு நாள் பொறுங்கள் என்று மேனேஜரிடம் கெஞ்சினேன். அவர் பொறுக்கவில்லை. ஃபெயில் என்று சர்டிபிகேட் அடித்து நீட்டினார். என் கையெழுத்தையும் வாங்கி, பட்டறைக்காரரிடம் பெட்டியோடு திருப்பிக் கொடுத்துவிட்டார்.

மறுநாள் காலை, அயனம்பாக்கத்தில் எங்கள் ஃப்ளாட்டில், தோசை வார்த்துக்கொண்டே டிவி கேட்டுக்கொண்டிருந்தேன். காற்றழுத்தத் தாழ்வு மண்டலம் இன்னும் வலுவடைந்திருக்கிறது என்றார்கள். தோசை கருகியது. இந்த ஊரில் டீக்கடைக்காரர் முதல் ஆட்டோக்காரர் வரை நவம்பர் முழுக்கக் காற்றழுத்தம் குறைவதைப் பற்றித்தான் பேசுகிறார்கள். அழுத்தம் அளந்தே பிழைக்கும் எங்களுக்கு மட்டும் ஆயிரத்துப் பதிமூன்று. வெளிக்காற்றை ஷீட் கூட்டிச் சொன்னதால்தான் நல்ல மீட்டரெல்லாம் குறைவாகக் காட்டுவதுபோல் தெரிந்திருக்கிறது.

மேனேஜரோடு மல்லுக்கட்டி பீரோவைத் திறக்க வைத்தேன். பாரோமீட்டரை மேசையில் வைத்து அவரே சுவிட்சைப் போட்டார். ஆயிரத்துப் பதினொன்று என்று காட்டியது.

"பாத்தியாம்மா? இதுக்கா இவ்ளோ ஆர்ப்பாட்டம்?" என்றார்.

எனக்கு அழுகை வந்துவிட்டது. வெளியே மரங்கள் பேயாட்டம் ஆடுகின்றன, இது வெயில் நாள் கணக்குச் சொல்கிறது. கையில் எடுத்துத் திருப்பினேன். பின்னால் காற்று நுழையும் துளையில் ஒரு ரப்பர் மூடி. தூசி போகக் கூடாது என்று ஆடிட் முடிந்ததும் மேனேஜர் தன் கையாலேயே அழுத்தி அடைத்தது. இத்தனை நாளும் அது ஆடிட் அன்றைய காற்றைத்தான் அளந்துகொண்டிருந்திருக்கிறது. பிடுங்கினேன். எண் சரிந்து ஆயிரத்துக்கும் கீழே போய் நின்றது.

மேனேஜர் ஜன்னல் பக்கம் பார்த்தார். பிறகு, "புயல் நாளைக்குக் கரையைக் கடந்துடும்மா. அப்புறம் ஷீட்டு தானா சரியாயிடும்" என்றார்.

அந்த நேரம் பார்த்துப் பட்டறைக்காரர் பெட்டியைத் தோளில் சுமந்து நனைந்துகொண்டே உள்ளே வந்தார். முகம் முழுக்கச் சிரிப்பு.

"எல்லாத்தையும் தொறந்து, கம்மியா காட்னத ஏத்தி உட்டுக்கீறேன் மேடம். இப்ப போட்டுப் பாருங்க."

நடந்ததைச் சொன்னேன். மேனேஜர் போன் வந்ததுபோல் வெளியே நழுவிவிட்டார். பட்டறைக்காரருக்குக் கோபம் வரும் என்று எதிர்பார்த்தேன், வரவில்லை. ஒரு மீட்டரை எடுத்துப் புரட்டிப் புரட்டிப் பார்த்தார்.

"அப்போ நல்லா இருந்ததைத்தான் நோண்டிக்கீறேனா?"

ஆமாம் என்றேன். ஷீட்டை ஒதுக்கிவிட்டு, அன்றைய காற்றழுத்தத்தைக் கேஜோடு கூட்டிக் கால்குலேட்டரில் கணக்குப் போட்டேன். இப்போது எல்லாம் கூடுதலாகக் காட்டின. எல்லாமே ஃபெயில். இந்த முறை சரியான ஃபெயில். அதிலும் என் கையெழுத்துதான். திரும்ப எல்லாவற்றையும் திறந்து இறக்க அவருக்கு வாரம் போதவில்லை. ஆர்டர் கைவிட்டுப் போனது.

அவர் பெட்டியோடு தண்ணீரில் இறங்கிப் போவதை ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டு நின்றேன். கையில் அந்த ரப்பர் மூடி இருந்தது. வெளியே எறிந்தேன்.

சாயங்காலம் மேனேஜர் பாரோமீட்டரைத் துடைத்து அட்டைப்பெட்டிக்குள் வைத்தார். பிறகு குனிந்து மேசைக்கடியில் தேடினார்.

"அந்த மூடி எங்கம்மா?"

"தண்ணியில போயிடுச்சு சார்" என்றேன்.