கிராப்பில் காணாமல் போன அறுபது மார்க்

பன்னிரண்டு பேர் பிழைப்பில் மண்ணள்ளிப் போட எனக்கு ஒரு ஸ்கேலும் மைப்பேனாவும் போதுமாயிருந்தன. யுத்த காலம். ஆவடியில் ஒரு பட்டாளச் சாமான் கிடங்கில் நான் கிளார்க். கிராப் பேப்பருக்குப் பஞ்சம். ஒரு தாளை நாலாகக் கிழித்துத்தான் கொடுப்பார்கள்.

அங்கே மனோதத்துவ ஆபீசராக வேணுகோபால் என்பவர் வந்து சேர்ந்தார். நாலு புத்தகம் படித்துவிட்டு நாற்பது புத்தகத்துக்குப் பேசுகிற மனுஷர். சாமான் பிரிக்கிற வேலைக்குக் கெட்டிக்காரர்கள் மட்டும் இருந்தால் போதுமாம். அவர்களைக் கண்டுபிடிக்க, மரத்துண்டுகளைக் குழிகளில் பொருத்தச் சொல்லி ஆட்களுக்கு நூற்றுக்கு மார்க் போட்டார். பக்கத்து ஊரான சேக்காட்டு ஆட்கள் பன்னிரண்டு பேர், சராசரி அறுபத்திரண்டு. பூந்தமல்லி ஆட்கள் பன்னிரண்டு பேர், அறுபத்தாறு.

"பார் கிராப் போட்டுக் கொண்டாய்யா" என்றார். ஊருக்கொரு தூண் நிறுத்தி மார்க்கை உயரமாகக் காட்டுகிற படம் அது.

கால் தாளில் பூஜ்யத்திலிருந்து ஏறினால் இடம் பத்தாது. நான் மகா புத்திசாலியாயிற்றே! அடியில் அறுபது என்று போட்டு அங்கிருந்தே ஆரம்பித்தேன். மார்க்குக்கு ஒரு கட்டம்: சேக்காடு ரெண்டு கட்டம், பூந்தமல்லி ஆறு கட்டம். பார்க்க லட்சணமாகத்தான் இருந்தது.

"பாத்தியா! மூணு மடங்கு மூளை!" என்று குதித்தார் ஆபீசர். "சேக்காட்டு ஆளுங்களை சனிக்கிழமையோட நிறுத்திடு."

"சார், வித்தியாசம் நாலே மார்க்குதான்..."

"நீ வரைஞ்ச கிராப்பை நீயே நம்பலேன்னா எப்படிய்யா?"

மத்தியானமே சேக்காட்டு மேஸ்திரி முனுசாமி என் மேஜைக்கு வந்துவிட்டார். "இன்னா ரைட்டரய்யா, எங்களுக்கு மூளை கம்மின்னு படம் போட்டுகீறியாமே? ஊட்ல அஞ்சு வாயி கீது. இத்தினி மாசமா ஒரு போல்ட்டு மாறாம பிரிச்சுக் குடுத்தது எந்த மூளை?"

கிராப்பைக் காட்டினேன். விரலை அடியில் வைத்தார். "இது இன்னா?"

"அறுபது."

"அப்போ அதுக்குக் கீய நாங்க வாங்குன அறுபது எங்க பூட்ச்சி?"

எனக்கு வெட்கமாக இருந்தது. படித்தவன் நான், கேட்டது அவர்.

மறுநாள் நாலு கால் தாள்களைக் கோந்து போட்டு ஒட்டி, பூஜ்யத்திலிருந்து வரைந்தேன். இரண்டு பாரும் தோளோடு தோள் நின்றன. பக்கத்தில் ஆளுக்கொரு புள்ளி வைத்தேன். இரு ஊர்ப் புள்ளிகளும் கலந்து கிடந்தன. முதல் மார்க்கே சேக்காட்டு ஆளுடையது!

ஆபீசர் சேக்காட்டுப் பாரைக் கட்டம் கட்டமாக எண்ணினார். "நேத்து ரெண்டு கட்டம், இன்னிக்கு இவ்ளோ உசரமா?" நான் விளக்க வாயெடுப்பதற்குள் மேஜையைத் தட்டினார். "நான் அவங்க பக்கத்துல நின்னு சொல்லிக் குடுத்தேனே, அதான்!"

அவர் நின்றது ஒரே ஒரு தரம், அதுவும் மூக்கில் கைக்குட்டையோடு. முதல் கிராப் 'பயிற்சிக்கு முன்', இரண்டாவது 'பயிற்சிக்குப் பின்' என்று எழுதி மேலிடத்துக்கு அனுப்பினார். அவருக்குப் பதவி உயர்வு வந்தது. சேக்காட்டு ஆட்களை நிறுத்தவில்லை. அந்த அஞ்சு வாயை நினைத்து நான் என் வாயை மூடிக்கொண்டேன்.

விஷயத்தைச் சொன்னதும் முனுசாமி தலையில் அடித்துக்கொண்டார். "அட பாவி மனுசா! நாங்க கெட்டிக்காரனாவ நாலு துண்டு பேப்பர்தான் வோணுமா? மொதல்லயே ஒட்டித் தொலைச்சிருக்கலாமே!"

அன்று முதல் யார் கிராப்பை நீட்டினாலும் நான் உச்சியைப் பார்ப்பதில்லை, அடியைத்தான் பார்க்கிறேன். அங்கே பூஜ்யம் இல்லையென்றால் ஒன்று கேட்பேன்: இதை வைத்து யாரை வேலையை விட்டுத் துரத்தப் போகிறீர்கள்?