அத்தையின் ரிமோட்டுக்கு எட்டு செல்

அத்தை ஆனி மாதத்தின் பாதியில் எங்கள் வீட்டுக்கு வந்தாள். அப்பாவின் ஒரே தங்கை. கல்யாணமாகிக் கோயம்புத்தூர் போய் இரண்டாவது வருடம் ஓடிக்கொண்டிருந்தது. வில்லாபுரத்தில் எங்கள் வாசலில் ஆட்டோ நின்றதும் அவள் முதலில் இறக்கியது ஒரு நீளமான அட்டைப்பெட்டியைத்தான்.

“ஆடிக்கு வந்திருக்கா” என்று அம்மா அக்கம்பக்கத்தில் சொல்லிவைத்தாள். ஆடிக்கு இன்னும் பதினைந்து நாள் இருந்தது. தவிர, ஆடிக்கு அழைப்பது கல்யாணமான முதல் வருடத்தில்தான். தெருவில் எல்லோருக்கும் இது தெரியும்; ஆனாலும் யாரும் எதிர்க்கேள்வி கேட்கவில்லை. எனக்குப் பதினோரு வயது. அட்டைப்பெட்டிக்குள் என்ன இருக்கிறது என்பது மட்டுமே என் கேள்வி.

உள்ளே இருந்தது ஒரு பிளேன். இன்ஜினியரிங் படிக்கும்போது அத்தை தன் கையால் தெர்மாகோல் அறுத்து ஒட்டிச் செய்தது. வெள்ளை இறக்கையில் சிவப்புப் பட்டை. கூடவே, இரண்டு குச்சிகள் நீட்டிக்கொண்டிருந்த கறுப்பு ரிமோட். நான் ரிமோட் என்பேன். “டிரான்ஸ்மிட்டர்டி” என்று அத்தை திருத்துவாள். அதன் முதுகைத் திறந்தால் எட்டு பென்சில் செல் போட வேண்டும்.

எங்கள் பக்கத்திலேயே விமான நிலையம். அந்தத் திசையில் பொம்மைப் பிளேன்கூட ஏற்றக்கூடாது என்பதில் அத்தை கறாராக இருந்தாள். அதனால் ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் ஸ்கூட்டியில் திருமங்கலம் தாண்டிப் போவோம். அங்கே ஒரு பெரிய கண்மாய் வறண்டு கிடந்தது. காற்று கிளம்புவதற்குள் ஏற்றி இறக்கிவிட வேண்டும். “அம்மியே பறக்குற மாசம் வருது, ஒங்க பிளேனு பறக்காதா?” என்று அப்பா கேலி செய்வார். வீட்டில் கலகலப்பாக ஏதாவது சொல்ல வேண்டும் என்று அவர் அப்போது நிறையவே முயற்சி செய்துகொண்டிருந்தார்.

பிளேனை மேலே ஏற்றியதும் அத்தையின் முகம் மாறிவிடும். வீட்டில் கேட்டதற்கு மட்டும் பதில் சொல்கிறவள், கண்மாயில் தானாகப் பேசுவாள். “பாரு பாரு, இப்பத் திருப்புறேன் பாரு” என்பாள்.

கடையில் வாங்கும் செல்கள் இரண்டு மூன்று ஞாயிற்றுக்கிழமைக்குமேல் தாங்கவில்லை. ஓய்ந்த செல்களைச் சுவர்க்கடிகாரத்துக்கும் டிவி ரிமோட்டுக்கும் மாற்றினேன். எட்டு செல்லுக்கு எங்கள் வீட்டில் கடிகாரம் போதவில்லை. அப்பா பார்த்துவிட்டு, சார்ஜ் போடுகிற செல்லும் சின்ன சார்ஜர் ஒன்றும் வாங்கி வந்தார். கடையில் 2000, 2400, 2800 என்று எண் போட்ட பாக்கெட்டுகள் இருந்தனவாம்; எண் கூடினால் சார்ஜும் கூடப் பிடிக்குமாம். அப்பா கணக்கு வாத்தியார். எது பெரிய எண் என்பதில் அவருக்கு ஐயம் வருமா? 2800 போட்ட செல்கள் எட்டு வந்து சேர்ந்தன. அவற்றைச் சார்ஜ் போடுவது என் பொறுப்பானது.

நான் சார்ஜ் போட்டு முடித்த அந்த ஞாயிற்றுக்கிழமை அத்தையின் வீட்டுக்கார மாமாவும் அவருடைய அப்பாவும் பழத்தட்டோடு வந்தார்கள். என்னை மாடிக்கு அனுப்பிவிட்டார்கள். படிக்கட்டு வழியாகக் குரல்கள் மட்டும் ஏறி வந்தன. “அந்தப் பிளேனு கிளேனெல்லாம் இங்கயே வெச்சுப்போட்டு வரட்டுங்க” என்றார் அந்தத் தாத்தா. பிறகு அப்பாவின் குரல்: “ஆவணி பொறந்ததும் அனுப்பி வைக்கிறோம்.” பிளேன் எங்கள் வீட்டிலேயே இருக்கப்போகிறது என்று எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

அடுத்த ஞாயிறு அப்பா கோயம்புத்தூர் போனார்; அத்தை வாசலைத் தாண்டவில்லை. அதற்கடுத்த ஞாயிறும் பறக்கவிடவில்லை, அத்தைக்குத் தலைவலி. நான்காவது ஞாயிறுதான் கண்மாய்க்குப் போனோம். பிளேனுக்குத் தனி பேட்டரி உண்டு, அதை அத்தை அன்று காலையில்தான் சார்ஜ் செய்திருந்தாள். ரிமோட்டின் செல்லைப் பற்றிக் கேட்டபோது, “ஃபுல்லா போட்டு வச்சிருக்கேன், யாரும் தொடக்கூட இல்ல” என்றேன். உண்மையும் அதுதான்.

ஐந்து நிமிடம் நன்றாகத்தான் பறந்தது. பிறகு ரிமோட் கீச்சென்று கத்தத் தொடங்கியது. அத்தை பதறிப்போய்ப் பிளேனை எங்கள் பக்கம் திருப்பினாள். பாதி திரும்பியிருக்கும், ரிமோட்டின் சின்னத் திரை அணைந்துவிட்டது. மேலே மோட்டார் சத்தமும் நின்றது. பிளேன் காற்று தள்ளிய பக்கமெல்லாம் ஆடி ஆடிப் போய்ச் சீமைக்கருவேலங்காட்டுக்குப் பின்னால் மறைந்தது. அது மறைந்த பிறகும் அத்தை இரண்டு குச்சிகளின்மேலும் கட்டைவிரலை வைத்தபடியே நின்றாள்.

நான் அழ ஆரம்பித்தேன். “எந்தப்பு இல்ல அத்தை, ஃபுல்லாத்தான் போட்டேன்.”

“ஒந்தப்புன்னு யாரு சொன்னா? வா, தேடுவோம்.”

முள்ளுக்குள் குனிந்து குனிந்து தேடினோம். விறகு வெட்டிக்கொண்டிருந்த ஓர் அம்மா, இறக்கை ஒடிந்த பிளேனைக் குழந்தையைப் போல் இரண்டு கையிலும் ஏந்தி எதிரே வந்தார். “ஒங்களுதாம்மா? கொக்குதான் அடிபட்டு விழுந்துருச்சுன்னு ஓடுனேன். அம்புட்டுதான் ஒடைஞ்சிருக்கு, ஒட்டிக்கிறலாம்” என்றார். அத்தை பிளேனை வாங்கிக்கொண்டாள். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். பிளேனுக்காக அழுகிறாள் என்று நான் எண்ணிக்கொண்டேன்.

அன்று சாயங்காலமே அப்பா எங்கள் இருவரையும் அழைத்துக்கொண்டு டவுன் ஹால் ரோட்டுப் பக்கம் இருந்த அந்தக் கடைக்குப் போனார். செல்களை மேசைமேல் வரிசையாக வைத்தார். “டூப்ளிகேட்டக் குடுத்துருக்கீங்க தம்பி. பிளேனு பறக்கும்போதே ரிமோட்டு அணைஞ்சுபோச்சு.”

கடைக்காரர் ஒவ்வொன்றாக மீட்டரில் வைத்துப் பார்த்தார். “செல்லு ஒரிஜினல்தான் சார். போட்டு எம்புட்டு நாளாச்சு?”

“மூணு வாரம்” என்றேன் நான்.

“அதான பார்த்தேன். இந்த ரகம் சும்மா கெடந்தாலே தானா எறங்கிரும் சார். எட்டுல ஒண்ணு ரெண்டு ரொம்ப எறங்குனாப் போதும், ரிமோட்டு படுத்துரும். மொத நாளு போட்டு மறுநாளு ஓட்டுனா ஒண்ணும் ஆகாது.” உள்ளேயிருந்து பச்சை உறை போட்ட வேறு செல்களை எடுத்து வைத்தார். “இது நம்பர் கம்மி, ரெண்டாயிரம்தான். ஆனா வருசக்கணக்கா பெட்டியில போட்டு வச்சாலும் பெருசா எறங்காது.” பிறகு அத்தையைப் பார்த்துக் கேட்டார். “நீங்க வாரா வாரம் ஓட்டுவீங்களாக்கா, இல்ல எப்பயாச்சுமா?”

அத்தையை முந்திக்கொண்டு அப்பா பதில் சொன்னார். “பெட்டியிலதான் தம்பி கெடக்கும். அடுத்த மாசம் தங்கச்சி ஊருக்குப் போயிரும். தீவாளிக்கோ பொங்கலுக்கோ வந்தா எடுக்கும். பச்சையவே குடுங்க.” வகுப்பில் எட்டாம் வாய்ப்பாட்டைச் சொல்வதுபோல, யார் முகத்தையும் பார்க்காமல் சொன்னார்.

கடைக்காரர் பச்சைச் செல்களைப் பையில் போடப் போனார்.

“வேணாம்ணே” என்றாள் அத்தை.

“ஏம்மா?” என்றார் அப்பா.

“பழசே போதும். நான் வாரா வாரம் ஓட்டுவேன்.”

அப்பா மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். “வாரா வாரமா?”

“வாரா வாரம்ணே. சனிக்கெழம சார்ஜ் போட்டா ஞாயித்துக்கெழமைக்கு ஆச்சு.”

தெருவில் பஸ் ஒன்று விடாமல் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தது. அது கடந்து போகும்வரை அப்பா கண்ணாடியைச் சட்டை நுனியில் துடைத்துக்கொண்டே இருந்தார். துடைத்து மாட்டிக்கொண்டு கடைக்காரரிடம், “நல்ல சார்ஜரா இருந்தா காட்டுங்க தம்பி. எட்டையும் ஒண்ணாப் போடுற மாதிரி” என்றார். அத்தை மேசையில் கிடந்த செல்களைப் பொறுக்கி என் கையில் ஒவ்வொன்றாகக் கொடுத்தாள்.

எனக்குக் கோபம். தானாக இறங்காத செல்லைக் கையில் கொடுத்தும் வேண்டாம் என்கிற ஆள் உண்டா? இத்தனைக்கும் இன்ஜினியரிங் படித்தவள். வீட்டுக்கு வந்ததும் நேராகச் சமையலறைக்குப் போய் அம்மாவிடம் முறையிட்டேன். “அத்தைக்கு செல்லுப் பத்தி ஒண்ணும் தெரியல. பச்சை செல்லை வேணாம்னுட்டாங்க.”

“என்னடி சொன்னா? சரியாச் சொல்லு.”

“வாரா வாரம் ஓட்டுவேன், பழசே போதும்னாங்க.”

“அப்பா என்ன சொன்னாரு?”

“ஒண்ணும் சொல்லல. பெரிய சார்ஜர் வாங்கிக் குடுத்தாரு.”

அம்மா அடுப்பை அணைத்தாள். கையைத் துடைத்துக்கொண்டு உள் அறைக்குப் போய் பீரோவைத் திறந்தாள். நடுத்தட்டில் இருந்த தன் பட்டுப்புடவைகளையெல்லாம் எடுத்துக் கட்டிலில் போட்டாள். கட்டிலடியில், வந்த நாளிலிருந்து துணிகளை எடுத்து அடுக்காத அத்தையின் சூட்கேஸ் இருந்தது. தட்டை ஈரத்துணியால் துடைத்தாள். புதுத் தாளாக ஒன்று எடுத்து மடிப்பு நீவி விரித்தாள். பிறகு, “மதினி என்ன செய்றீங்க?” என்று அறை வாசலில் வந்து நின்ற அத்தையைப் பார்த்து, “உள்ள வா” என்று மட்டும் சொன்னாள்.

ஒரு சார்ஜருக்கு இவ்வளவு பெரிய தட்டு எதற்கு என்று நான் யோசித்துக்கொண்டு நின்றேன்.